ஏழாம் பைக்கு ஒரு மார்க்

கடலைப் பார்த்த சரிவுகளில் விளையும் வெள்ளை ஒயினுக்குப் பெரிய பெயர் கிடையாது. பாட்டிலில் தங்க எழுத்து இருக்காது, கோட்டைப் படம் இருக்காது. விலையும் கையைக் கடிக்காது. ஆனால் ஒரு வாய் குடித்தால் எலுமிச்சைத் தோலும் உப்புக்காற்றும் சேர்ந்து வந்து, 'இந்த விலைக்கா இது' என்று கேட்க வைக்கும். அப்படிக் கேட்க வைப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு கடை உண்டு. அந்தக் கடையில் ஒரு பகல்பொழுதில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். பெரிய சங்கதி இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, யார் வீட்டுக் கதவும் உடையவில்லை. ஒரே ஒரு மார்க் விவகாரம். சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தக் கடைக்கு எட்டுக் கிளைகள். கோடை தொடங்கும்போது எட்டிலும் வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் ஆறே ஆறு கடலோர வெள்ளை ஒயின்களை அடுக்குவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் யோசிக்காமல் ஒன்றை எடுத்துப் போவார்கள். மறுவாரம் யோசித்து இரண்டாக எடுத்துப் போவார்கள். அந்த அலமாரியில் இடம் பிடிக்க வருஷா வருஷம் இருபது, இருபத்தைந்து தோட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி பாட்டில் அனுப்புவார்கள். அந்த வருஷம் அனுப்பியவர்கள் இருபத்துநான்கு பேர்.

பொறுக்குகிறவர்கள் மூன்று பேர். தலைவர், நெட்டையாக, வழுக்கையாக ஒரு பெரியவர். கிளாஸை மூக்கடியில் வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார் என்பதால் கடை முழுக்க அவர் பெயர் மூக்கர். இரண்டாவது ஆள் எங்கள் நாக்கம்மா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ருசி பார்ப்பவள், ஐம்பத்தாறு வயது, அதிகம் பேசமாட்டாள். மூன்றாவது ஆள் கல்லாவில் உட்காரும் பெண். அவளுக்கு ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. "அதுதான் அவளோட தகுதி. வாங்குற ஜனங்களுக்கும் ஒண்ணும் தெரியாது இல்ல?" என்பார் மூக்கர். "தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் ஒரே பாட்டிலுக்கு அடிச்சுக்கும்போது, தெரியாத நான்தானே தீர்த்து வைக்கிறேன்" என்பாள் அவள்.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் கதை புரியாது. கிடங்குக்காரர் காலையிலேயே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்து, கழுத்துவரை பழுப்புக் காகிதப் பையில் இறக்கி, ரப்பர் பேண்டு போட்டு, தடித்த பேனாவால் எண் எழுதிவிடுவார். எந்த எண்ணுக்குள் எந்தத் தோட்டம் என்பது அவர் சட்டைப் பையில் இருக்கும் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பாட்டில்களைக் குளிர்பெட்டியிலிருந்து அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுவார். ரொம்பச் சில்லென்று இருந்தால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. சரியாகப் பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். ஏழு மணிக்குப் பிறகு காபி கூடாது, வாசனைத் தைலம் கூடாது, தலைக்கு எண்ணெய்கூடக் கூடாது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, இருபதுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். மூன்று பேர் மார்க்கையும் கூட்டினால் அறுபதுக்கு. மேலே வரும் ஆறு அலமாரிக்குப் போகும். இரண்டு சமமாக வந்துவிட்டால் விலை குறைந்தது போகும், ஏனென்றால் அது அந்த மாதிரி அலமாரி. அவ்வளவுதான் சட்டம்.

இப்போது நாக்கம்மா வீட்டு விஷயம். அவள் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் சேர்ந்து கடலோரச் சரிவு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் திராட்சை போட்டிருந்தார்கள். அவர் வாரத்தில் நாலு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. தோட்டம் போட்டு மூன்றாம் வருஷத்திலிருந்து அவர்களுடைய பாட்டிலும் போட்டிக்கு வந்தது. முதல் தடவை வந்தபோதே நாக்கம்மா மேலாளரிடம் போய், "நான் விலகிக்கிறேன், எங்க வீட்டுச் சரக்கு வருது" என்று சொன்னாள். மேலாளர் சிரித்தார். "பைக்குள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரர்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியப்போகுது?" என்றார்.

தெரியும். அதுதான் கஷ்டம். முதல் வாயிலேயே தெரியும். அவள் வீட்டுக்காரர் செய்ததில் கடைசியாக எலுமிச்சையின் வெள்ளைத் தோலைக் கடித்தது போல ஒரு சின்னக் கசப்பு வரும். அதற்கு முன்னால் மாவு கரைத்த தண்ணீர்போல நாக்கில் ஒரு வழவழப்பு படியும். தொட்டியில் அடிமண்டியோடு வெகுநாள் விட்டு, தினமும் ஒரு நீளக் கட்டையால் கலக்கிக்கொண்டே இருப்பார். அதனால் வரும் வழவழப்பு அது. வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. பதினான்கு வருஷமும் நாக்கம்மா அவர் பாட்டிலை அடையாளம் கண்டாள். கண்டதும், தன் ஆளுக்குச் சாய்ந்துவிட்டோமோ என்ற பயத்தில், மனசில் தோன்றிய மார்க்கில் ஒன்றைக் குறைத்து எழுதினாள். பதினாறு என்று தோன்றினால் பதினைந்து. யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும். அநியாயம் செய்துவிடக் கூடாதே என்று அவள் வருஷா வருஷம் செய்த சின்ன அநியாயம் அது.

பதினொரு வாரத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். குளிர்காலத்தின் நடுவில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து நாக்கம்மாவுக்குப் பல் பிடுங்க ஊசி போட்ட பக்கத்துக் கன்னம் மாதிரி ஆகிவிட்டது உடம்பெல்லாம். கடித்தால் கடிபடுவது தன் கன்னம்தானா என்று தெரியாது பாருங்கள், அப்படி. சமைத்தாள், சாப்பிட்டாள், துணி மடித்தாள், நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். பார்த்தவர்கள் தைரியசாலி என்றார்கள். அவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அழுகை வரவில்லை என்பதை ஒரு குறையாகக்கூட அவளால் நினைக்க முடியவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் அவள் காத்திருந்தாள். அவர் கடைசியாகத் தொட்ட ஒயின் தொட்டியில் இருந்தது. கொழுந்தன் அதைப் பாட்டிலில் அடைத்துப் போட்டிக்கு அனுப்பியிருந்தான். 'அனுப்புறேன் அண்ணி, ஆனா அங்கேயே வச்சுப் பாருங்க, முன்னாடியே குடிச்சிட வேண்டாம், அது நியாயமில்ல' என்று அவனே சொல்லியிருந்தான். அந்த ஒரு வாயில் ஏதாவது திறக்கும் என்று அவள் நம்பினாள். என்ன திறக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

கொழுந்தனுக்கோ அந்த ஒயினில் வேறு கணக்கு. சரிவின் குத்தகை வரப்போகும் அறுவடையோடு முடிகிறது. நிலத்துக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் பக்கத்தில் விடுதி கட்டுகிறவர்கள் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு பெரிய கடை உன் சரக்கை எடுக்குதுன்னு மாசக் கடைசிக்குள்ள ஒரு லெட்டர் கொண்டு வா. இன்னும் பத்து வருஷத்துக்கு எழுதித் தர்றேன். இல்லேன்னா என்னை மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். வேறு எங்கும் கேட்டுப் பார்த்தாயிற்று. அலமாரியில் இடம் கிடைத்தால் சரிவு நிற்கும், இல்லாவிட்டால் விடுதி நிற்கும்.

அன்றைக்குக் காலையிலேயே கொழுந்தன் பஸ் ஏறி வந்துவிட்டான். தோட்டக்காரர்கள் உள்ளே வரக் கூடாது. எதிர்ப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பத்து மணிக்குத் தொடங்கினார்கள். மேல்மாடி அறை, வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, வடக்குப் பார்த்த ஜன்னல். ஒன்று, இரண்டு, மூன்று என்று பைகள் வந்தன. மூன்றாவது பையில் தக்கை கெட்டுப்போய் ஈரச் சாக்கு நாற்றம். "இதை அனுப்பினவருக்குச் சளி போல" என்றார் மூக்கர். ஐந்தாவது பழவாசனை தூக்கலாக இருந்தது. கல்லாப் பெண் அதற்குப் பதினெட்டு போட்டுவிட்டு இரண்டு பேரையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். "நல்லா இருக்கே" என்றாள். "சோப்பு மாதிரி இருக்கும்மா" என்றார் மூக்கர். "நான் குளிக்கிறவ சார்" என்றாள் அவள்.

ஏழாவது பை.

நாக்கம்மா ஒரு வாய் எடுத்தாள். உப்பு. பேரிக்காய்த் தோல். பிறகு அந்த வழவழப்பு மெதுவாக வந்து படிந்தது. பிறகு, அவள் தாடை காத்திருந்த இடத்திலேயே, அந்தச் சின்னக் கசப்பு.

இதுதான் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். தெருவில் போகும்போது தெரிந்த வீட்டைத் தாண்டினால் 'ஆமாம், இது இன்னார் வீடு' என்று நினைப்போம் இல்லையா, அதைப்போல. ஒன்றும் திறக்கவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள். இரண்டாம் வாய் எடுப்பது அவள் வழக்கமில்லை. கசப்பு மறுபடியும் வந்தது, ஒழுங்காக, இடம் தவறாமல். துப்பினாள். பதினாறு என்று தோன்றியது. பதினைந்து என்று எழுதினாள். பதினொரு வாரம் காத்திருந்தது முடிந்துவிட்டது. அடுத்தது எட்டாவது பை.

அதற்குப் பிறகு அவள் இயந்திரம்போல் போனாள். எட்டு, ஒன்பது, பத்து. நடுவில் வெறும் ரொட்டித் துண்டு, தண்ணீர். பத்தொன்பதாவது பை வந்தபோது, 'சுத்தம், நேரான புளிப்பு, எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, அவசரக்காரன் செய்தது, ஆனால் கெட்டிக்காரன். கொடுக்கிற காசுக்கு வஞ்சகமில்லாத ஒயின்' என்று குறிப்பு எழுதி, பதினைந்து போட்டு, இருபதாவதுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. கிடங்குக்காரர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். மார்க்கைக் கூட்டிக்கொண்டே மேலிருந்து கீழே ஒவ்வொரு பையாகக் கிழித்தார்கள். ஐந்து இடம் சிக்கலில்லாமல் நிரம்பியது. ஆறாவது இடத்துக்கு நாற்பத்துநாலு வாங்கிய பத்தொன்பது. அதற்கு அடுத்து, வெளியே, நாற்பத்துமூன்று வாங்கிய ஏழு.

கிடங்குக்காரர் பத்தொன்பதாம் பையைக் கிழித்தார். உள்ளே நாக்கம்மா வீட்டு முத்திரை. அவள் புருஷனே வரைந்த நீலக் கோடும் சரிவும்.

"அட, உங்களுதுதாம்மா" என்றார் அவர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அந்த மனுஷருக்கு.

ஏழாம் பைக்குள் இருந்தது எங்கேயோ ஒரு கரையில் நாற்பது சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின். யாரும் கேள்விப்படாத ஊர். முதல் தடவையாக அனுப்பியிருந்தார்கள். விலை, பட்டியலிலேயே எல்லாவற்றையும்விடக் குறைவு.

நாக்கம்மா அந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தன் புருஷனுடையது என்று நினைத்து முன்பின் தெரியாதவர்களின் மார்க்கைக் குறைத்திருக்கிறாள். அந்த ஒரு மார்க் இருந்தால் ஏழும் பத்தொன்பதும் சமம். சமமானால் விலை குறைந்தது போகும். அதாவது ஏழு உள்ளே, பத்தொன்பது வெளியே. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அடியில் கிடந்தது: அவர் கடைசியாகச் செய்த ஒயினை வாயில் வைத்துவிட்டு, அடையாளம் தெரியாமல் துப்பியிருக்கிறாள். இதற்காவது வலிக்க வேண்டுமே என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வலிக்கவில்லை.

கிடங்குக்காரர் நல்லவர், நல்லவர்களுக்கு வாய் நிற்காது. படியில் இறங்கித் தெருவைத் தாண்டிப் போய்க் கொழுந்தனிடம் சொல்லிவிட்டார். பத்து நிமிஷத்தில் கொழுந்தன் கீழ்மாடிச் சாப்பாட்டு அறையில் நின்றான். நாற்பத்தெட்டு வயது, வெயிலில் கறுத்த கழுத்து, சலவைச் சட்டை. வீட்டுக்காரிக்குப் போன் போட்டு முடித்திருந்தான்.

"அண்ணி."

"வா தம்பி. சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிடறது. உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு பஸ்ல ஒருத்தர் கேட்டார். இருக்கிற மூஞ்சியே இதுதான்னு சொன்னேன்." பெஞ்சில் உட்கார்ந்தான். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணன் கை தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"ம்" என்றாள் நாக்கம்மா.

அந்த 'ம்' அவள் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். அவன் தலையை ஆட்டி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் ஏன் அப்படித் திரும்பினான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஒரு மணியிலிருந்து மூன்றரைவரை அவள் கிளாஸ் கழுவினாள். கழுவ ஆள் இருந்தது. இருந்தும் தானே கழுவினாள். எழுபத்திரண்டு கிளாஸ். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கவிழ்த்தாள். சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாது. கூட்டுறவுக்காரர்கள் அடுத்த வருஷம் அனுப்புவார்கள். அவர்கள் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் பார்த்தால், தனக்கு இருபது வயசானபோது கல்யாண வீட்டில் பாய் சுருட்டிக்கொண்டு ஓடிய பையன், அண்ணி அண்ணி என்று கூடவே வளர்ந்தவன். சொல்லக் கூடாது என்பதற்கு இத்தனை காரணம் இருந்தும், அவளுக்கு எந்தப் பக்கமும் மனசு இழுக்கவில்லை. மனசு இழுத்திருந்தால் ஒருவேளை கொழுந்தன் பக்கம் சாய்ந்திருப்பாள். இழுக்காததால் கணக்கு மட்டும் மிஞ்சியது. ஏழுக்குப் பதினாறு. அவள் நாக்கு சொன்னது அதைத்தான்.

மூக்கர் பட்டியலை நகல் எழுதிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு அது மேலாளரிடம் போக வேண்டும்.

"சார், ஏழாம் பைக்கு என் மார்க் தப்பு. பதினாறு."

"கூட்டல் தப்பா?"

"இல்ல. தெரிஞ்சேதான் குறைச்சேன்." அவள் உட்காராமல் நின்றபடியே முழுவதையும் சொன்னாள், பதினான்கு வருஷத்தையும்.

மூக்கர் பேனாவை மூடினார். "உங்களுக்கு நேர்மை ஜாஸ்தியா, கர்வம் ஜாஸ்தியான்னு எனக்குத் தெரியலைம்மா" என்றார். "உங்க தராசை நீங்களே அழுத்திட்டு, அதுக்குப் பேரு நியாயம்னு வச்சுக்கிட்டீங்க. இது தெரிஞ்சிருந்தா முதல் வருஷமே உங்களை மேஜையை விட்டு எழுப்பியிருப்பேன்."

"எழுப்பியிருக்கணும்."

"இப்ப மட்டும் என்ன? யாரும் கேக்கல. நான் இன்னும் எழுதி முடிக்கல. உங்க கொழுந்தன் குடும்பத்துக்கு அந்தச் சரிவு என்னன்னு எனக்கும் தெரியும்." கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் யோசிங்க. நான் காது கேக்காதவன்."

"யோசிக்க ஒண்ணுமில்ல சார். அது பதினாறு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஆறாவது வரியை அடித்துவிட்டு, சங்கத்தின் பெயரை எழுதினார். "அடுத்த வருஷம் நீங்க மேஜைக்கு வர வேணாம். இதை நான் கோபத்துல சொல்லல" என்றார். "தெரியும் சார்" என்றாள்.

கொழுந்தன் சாப்பாட்டு அறையில்தான் இருந்தான். கடிதம் தட்டச்சாகி வரும் என்று காத்திருந்தான். கல்லாப் பெண் அவனுக்கு எங்கிருந்தோ காபி வாங்கிக் கொடுத்திருந்தாள். நாக்கம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, லெட்டர் வராது."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: ஏழாம் பை, பதினாறு, பதினைந்து, சமம், விலை. அழுத்தாமல், குரல் ஏறாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. முடித்தபோது அவன் காபியில் ஆடை கட்டியிருந்தது.

"பதினாலு வருஷமா" என்றான்.

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

"ஒண்ணு."

"ஒரு மார்க்ல நமக்கு இடம் தவறிப்போன வருஷம் ஏதாவது இருக்கா அண்ணி?"

இதை அவன் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். "ரெண்டு தடவை" என்றாள். "உனக்குச் சின்னவ பொறந்த வருஷம் ஒண்ணு. புது டிராக்டர் வாங்க முடியாம பழசையே தள்ளின வருஷம் ஒண்ணு."

"அந்த டிராக்டரை நான் தள்ளினேன்" என்றான். "அண்ணன் ஓட்டினாரு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. சொல்லல."

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்; ஏதாவது ஒன்று உறைக்கும். அவன் முதுகைக் காட்டியபடியே பேசினான்.

"மத்தியானம் அண்ணன் கை தெரிஞ்சுதான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். தெரியல. அவர் பாட்டிலை வாயில வச்சிட்டு, யாரோன்னு துப்பிட்டேன்."

"அது அண்ணன் பாட்டில் இல்ல அண்ணி."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இன்னும் ஒரு மாசம் அடிமண்டியோடயே விடு, தினம் கலக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. நான் எப்படிக் கலக்கறது? ராத்திரி பகலா அவர் பக்கத்துல உக்காந்திருந்தேன். கலக்காம விட்டா அழுகின முட்டை நாத்தம் வந்துடும். ஒரு நாள் பஸ் புடிச்சுப் போயி, எல்லாத்தையும் வடிச்சு வேற தொட்டிக்கு மாத்திட்டு, அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டேன். ஒரு மாசம் முன்னாடியே. அண்ணன் கேட்டாரு, கலக்குறியாடான்னு. கலக்குறேண்ணேன்னு சொன்னேன். சாகற வரைக்கும் தினம் கேட்டாரு, தினம் சொன்னேன்." திரும்பினான். "நீங்க ம்னு சொன்னதும், அண்ணிக்கே தெரியலையே, தப்பிச்சோம்னு நினைச்சேன்."

அறையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நாக்கம்மா கைகளை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாக்கு சாகவில்லை. அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்படியானால் அவர் கடைசியாகச் செய்த ஒயின் என்று ஒன்று இல்லை. போன வருஷத்துப் பாட்டில்தான் கடைசி. அது கடைசி என்று தெரியாமல் எல்லாவற்றையும் விற்றாயிற்று. எந்த நினைப்பு எந்த நினைப்பை விடக் கனம் என்று தூக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கனமாக, காலிப் பெட்டிபோல் இருந்தன.

"நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி" என்றாள். "பதினஞ்சு போட்டேன்."

"குறைக்காம?"

"யாருன்னே தெரியாம. குறைக்கிறது எங்க."

"அண்ணன் பண்ணியிருந்தா?"

"பதினாறு. எழுதறது பதினஞ்சு."

அவன் கொஞ்ச நேரம் அதை வாய்க்குள் வைத்திருந்தான். "அப்ப ரெண்டு பேரும் ஒரே மார்க்" என்றான். "அண்ணன் இருந்தா ஒத்துக்கமாட்டாரு."

"மாட்டாரு."

"என்ன குறிப்பு எழுதினீங்க எனக்கு?"

"அவசரக்காரன் செஞ்சது. ஆனா கெட்டிக்காரன்."

அப்போதுதான் அவன் கண் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து நிலத்துக்காரருக்குப் போட்டான். "ஐயா, நான்தாங்க. லெட்டர் இல்லைங்க... இல்லைங்க, அவங்க மேல தப்பில்ல, மார்க் சமமா வந்துச்சு, இன்னொருத்தருது விலை கம்மி... ஆமாங்க, அப்படித்தான் அந்த அலமாரி... சரிங்க. பறிப்பு முடிச்சிட்டு ஒப்படைச்சிடறேன்." போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். "கொடியில இருக்கிறதை எடுத்துக்கச் சொல்றாரு" என்றான்.

"எப்பப் பறிப்பு?"

"மூணு மாசம் இருக்கு. ஆள் வைக்கக் கட்டாது. நானும் வீட்டுக்காரியும் பிள்ளைங்களும்தான்."

"நானும் வர்றேன்."

"உங்களுக்கு முதுகு தாங்காது அண்ணி."

"கூடை எடுத்துக் குடுக்கிறேன். அப்புறம் தினம் ஒருத்தர் கலக்கணும் இல்ல? எனக்கு அடுத்த வருஷம் இங்க மேஜை வேலை இல்ல."

அவன் அதைப் புரிந்துகொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். எங்கே வைத்துக் கலக்குவது, யாருடைய தொட்டியில், யார் வாங்குவார்கள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து மணிப் பஸ்ஸுக்கு அவனைக் கொண்டுவிட்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"அண்ணி, அந்த ஏழு. நிஜமாவே அண்ணன் மாதிரியேவா?"

"அப்படியே."

"அப்படின்னா எங்கேயோ ஒருத்தன் தினம் கலக்கியிருக்கான்" என்றான். பஸ் வளைவில் திரும்பியது.

நாக்கம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதாவது அழுகை வருமோ என்று பார்த்தாள். இன்னொரு பஸ் வந்தது, அவளுக்காக நின்றது, அவள் ஏறவில்லை என்றதும் போய்விட்டது. எதிரே கடைக்குள் கிடங்குக்காரர் வாசல் அலமாரியைத் துடைத்து, போட்டிக்கு வந்த பெட்டியில் மிஞ்சிய சங்கத்தின் பாட்டில்களை ஆறாவது தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து போகிற ஒரு பெண் அதில் ஒன்றை எடுத்து, விலையைப் பார்த்து, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, கூடையில் போட்டுக்கொண்டாள்.

அழுகை வரும், கண்ணுகளா. எல்லாருக்கும் ஒரு நாள் வந்துவிடும். அவளுக்கு அன்றைக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.